63001இல் பிறந்த பகா எண்

80561663527802406257321747.

இந்த 26 இலக்க எண் ஒரு பகா எண். 1ஐயும் தன்னையும் தவிர எதனாலும் மீதியின்றி வகுபடாது. இதைவிட நீளமானவை ஏராளம். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். ஆனால் நீளத்தில் இல்லை அழகு. நம் எண்ணுக்கு ஒரு பூர்வீகம் உண்டு, அது ராமானுஜன்.

1916இல் வந்த கட்டுரையில் அவர் 'டௌ' என்ற சார்பை ஆராய்ந்தார். ஒன்றிலிருந்து ஒரு மாறியைக் கழிக்க வேண்டும், அடுத்து அதன் வர்க்கத்தை, பிறகு முப்படியை என்று முடிவில்லாமல் போக வேண்டும். கிடைப்பவற்றையெல்லாம் பெருக்கி, 24ஆம் அடுக்குக்கு உயர்த்தி விரித்தால் வரும் கெழுக்களே டௌவின் மதிப்புகள்: 1, −24, 252, −1472, 4830, −6048... இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கிப் பாருங்கள், ஆறாவது அப்படியே வரும்! பொதுக் காரணி இல்லாத எந்த இரு இடங்களுக்கும் இது பொருந்தும் என்று ராமானுஜன் ஊகித்தார். 1917இல் கணிதவியலாளர் மார்டெல் நிறுவினார்.

இந்த வரிசையில் பகா எண் எப்போது தலைகாட்டும்? 2ஐத் தவிர பகா எண்கள் எல்லாம் ஒற்றைப்படை. ஒற்றைப்படை எண்களின் வர்க்கங்களில் மட்டுமே டௌ ஒற்றைப்படையாகும். மற்ற இடங்களில் எல்லாம் இரட்டைப்படைதான். ஆகவே 9, 25, 49 என்று வர்க்கங்களாகத் தேட வேண்டும். 251இன் வர்க்கமான 63001இல்தான் முதல் பகா எண் அகப்படுகிறது என்று 1965இல் கணிதவியலாளர் டி. எச். லெமர் காட்டினார். அங்கே டௌவின் மதிப்பிலுள்ள கழித்தல் குறியை நீக்கினால் நம் எண்.

எங்கள் ஆம்பூர் டேனரிகளில் தரம் பிரிப்பவர் தோலை வெளிச்சத்தில் விரித்து விரலால் தடவுவார். உண்ணி கடித்த தழும்புகூட அவர் கைக்குத் தப்பாது. இந்த எண்ணையும் அப்படித் தடவிப் பார்க்கலாம். அதற்கு ராமானுஜன் தந்த விதி இது: ஓர் எண்ணின் வகுத்திகள் ஒவ்வொன்றையும் 11ஆம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை 691ஆல் வகுத்தாலும், அந்த எண்ணின் டௌவை 691ஆல் வகுத்தாலும் மீதி ஒன்றுதான்.

63001க்கு வகுத்திகள் மூன்றே: 1, 251, 63001. 11ஆம் அடுக்கில் அவை விடும் மீதிகள் 1, 60, 145. கூட்டினால் 206. இனி நம் 26 இலக்க எண்ணை 691ஆல் வகுத்தால் மீதி 485. டௌ குறை எண் என்பதால் 691இலிருந்து 485ஐக் கழிக்க வேண்டும். அதே 206! 26 இலக்கங்களில் ஒரே ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

டிசம்பர் 22, தேசிய கணித தினத்தில், ராமானுஜன் என்றதும் 1729ஐ மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். ஆசிரியர்களே, இந்த ஆண்டு இந்தப் பகா எண்ணையும் கரும்பலகையில் எழுதுங்கள். 691ஆல் வகுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். ஒரு தாளும் பேனாவும் போதும்.