காற்புள்ளியில் இலட்சம், சொல்லில் மில்லியன்: மென்பொருள் வட்டாரத் தரவுகளில் தமிழ் எண்கள்

ஆய்வுச் சுருக்கம்

கணினியும் கைப்பேசியும் தமிழில் எண்களைக் காட்டும் முறை பெரும்பாலும் ஒரே தரவுக் களஞ்சியத்திலிருந்து வருகிறது. அக்களஞ்சியத்தில் ‘தமிழ்’ என்னும் பெயரில் உள்ள எண் வடிவங்கள் தம்முள் முரண்படுகின்றன. காற்புள்ளி இலட்சம், கோடிக் கணக்கைப் பின்பற்றுகிறது. சுருக்கச் சொல் மில்லியன் கணக்கைப் பின்பற்றுகிறது. இம்முரண் எவ்வாறு தோன்றியிருக்கலாம், தமிழ் வழங்கும் நாடுகளில் யாரை எவ்வாறு பாதிக்கிறது, எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி இத்தரவில் என்ன ஆகிறது என்பவற்றை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: வட்டாரத் தரவு, எண்ணுரு, இலட்சம், மில்லியன், எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி, ஒருங்குறி.

முன்னுரை

தமிழ்க் கணிமை பற்றிய ஆய்வுகள் எழுத்துருவிலும் குறியேற்றத்திலும் விசைப்பலகையிலும் நெடுங்காலம் நிலைகொண்டிருந்தன. எழுத்து திரையில் சிதையாமல் தோன்றுவதே பெரும்பாடாக இருந்த காலத்தில் அது இயல்பே. அச்சிக்கல் பெருமளவு தீர்ந்த பின்னும், திரையில் தோன்றும் தமிழ் எந்த வழக்கைச் சார்ந்தது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. எண்கள் அதற்கு நல்ல சான்று. மொழியாராய்ச்சியாளர் எண்ணைக் கணிதத்தின் பொருளாகக் கொண்டு விலகுகின்றனர்; மென்பொருளாளர் அதனை ஏற்கெனவே தீர்ந்த பொருளாகக் கொண்டு நூலகத்திடம் விட்டுவிடுகின்றனர். இடையில் நிற்பவர் எண்ணைப் படிக்க வேண்டிய தமிழர்.

களஞ்சியமும் அதன் கட்டமைப்பும்

ஒவ்வொரு மொழியிலும் நாட்டிலும் தேதி, நேரம், நாணயம், எண் ஆகியவை எவ்வாறு எழுதப்படும் என்பதைத் தொகுத்துவைப்பது பொது வட்டாரத் தரவுக் களஞ்சியம். சி.எல்.டி.ஆர். என்னும் சுருக்கப்பெயரால் அறியப்படும் இது 2004 முதல் ஒருங்குறிக் கூட்டமைப்பின் பொறுப்பில் உள்ளது. ஐ.சி.யூ. என்னும் நிரல் நூலகம் இத்தரவை எடுத்தாள்கிறது. ஆண்ட்ராய்டு, ஆப்பிள் இயங்குதளங்கள், குரோம் உலாவி முதலியன அந்நூலகத்தைச் சார்ந்தவை. மென்பொருளை உருவாக்குபவர் தமக்கென வேறு விதி எழுதாதவரை, தமிழில் ஓர் எண் எவ்வாறு தோன்றும் என்பதை முடிவுசெய்வது இத்தரவே.

தரவு மரபுரிமை முறையில் அடுக்கப்பட்டுள்ளது. ‘தமிழ்’ என ஒரு தாய்க் கோப்பு உண்டு. அதன் இயல்பு நாடு இந்தியா. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளுக்குத் தனிக் கிளைக் கோப்புகள் உள்ளன. கிளையில் ஒன்று கூறப்படாவிட்டால் தாயில் உள்ளதே செல்லும். இலக்கணநூலார் பொதுவிதி கூறிப் பின் சிறப்புவிதி கூறும் முறையை ஒத்தது இது. ஆனால் சிறப்புவிதி எழுதப்படாத இடத்தில் பொதுவிதி பொருந்துமா என ஆராயும் உரையாசிரியர் இங்கு இல்லை.

காற்புள்ளியும் சொல்லும்

தாய்க் கோப்பு எண்களை இந்திய முறையில் பிரிக்கிறது. கடைசி மூன்று இலக்கங்களுக்குப் பின் இரண்டிரண்டாகக் காற்புள்ளி விழுகிறது. 1234567 என்னும் எண் 12,34,567 எனத் தோன்றும். தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் அதனைப் ‘பன்னிரண்டு இலட்சத்து முப்பத்து நான்காயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழு’ எனத் தடையின்றிப் படிப்பார். காற்புள்ளி இங்கு வெறும் அலங்காரமன்று. வாய்விட்டுப் படிக்கும்போது எந்த இடத்தில் எந்தச் சொல் வரவேண்டும் என்று காட்டும் குறி. முதற் காற்புள்ளியில் இலட்சமும் அடுத்ததில் ஆயிரமும் ஒலிக்கின்றன.

அதே கோப்பில் பெரிய எண்களைச் சுருக்கிக் காட்டும் வடிவமும் உண்டு. பார்வையாளர் எண்ணிக்கை, பதிவிறக்க எண்ணிக்கை, நன்கொடைத் தொகை போன்றவற்றைச் சிறிய இடத்தில் காட்ட இது பயன்படும். பல பதிப்புகளாகத் தொடர்ந்து வந்துள்ள இப்பகுதியில் தமிழுக்கு இடம்பெற்ற சொற்கள் ஆயிரம், மில்லியன், பில்லியன், டிரில்லியன் என்பன. இன்னும் சுருங்கிய வடிவில் அவை ஆ, மி, பி, டி என ஓரெழுத்தாகின்றன. இலட்சமும் இல்லை, கோடியும் இல்லை. இதன்படி 1,50,000 என்பது ‘150 ஆயிரம்’ ஆகிறது. 45,00,000 என்பது ‘4.5 மில்லியன்’ ஆகிறது. 3,00,00,000 என்பது ‘30 மில்லியன்’ ஆகிறது. ஒரே திரையில் விரிந்த வடிவமும் சுருங்கிய வடிவமும் வருமானால், காற்புள்ளி ஒரு கணக்கையும் சொல் வேறொரு கணக்கையும் கூறும். நூற்றைம்பதாயிரம் எனத் தமிழ்நாட்டுச் சந்தையில் எவரும் விலை சொல்வதில்லை. ஒன்றரை இலட்சம் என்றே சொல்வர்.

இதே களஞ்சியத்தில் இந்தித் தரவு, ஆயிரத்திற்கு மேல் லாக், கரோடு, அரபு, கரபு எனத் தன் மொழி வழக்கையே பின்பற்றுகிறது. இந்திய ஆங்கிலமும் சுருக்க வடிவத்தில் இலட்சத்திற்கும் கோடிக்கும் உரிய எழுத்துகளைக் கொண்டுள்ளது. இந்தியாவில் ஆங்கிலத்தில் கைப்பேசியைப் பயன்படுத்துபவருக்கு இலட்சம் கிடைக்கிறது. அதே கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றியவருக்கு அது கிடைப்பதில்லை. தெலுங்கிற்கும் கன்னடத்திற்கும் மில்லியனே வாய்த்திருப்பதால், இதனைத் தமிழுக்கு மட்டும் இழைக்கப்பட்ட புறக்கணிப்பு எனக் கூறுவது பொருந்தாது.

காரணத்தைத் தரவு திரட்டப்படும் முறையில் தேடலாம். பங்களிப்பாளர் ஓர் இணையப் படிவத்தில் மதிப்புகளை முன்மொழிந்து வாக்களிக்கின்றனர். ஒவ்வொரு கட்டத்தின் அருகிலும் ஆங்கில வடிவம் எடுத்துக்காட்டாக நிற்கிறது. காற்புள்ளிக் கட்டத்தில் சொல் இல்லை. ஆகவே அங்கு மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. நாட்டின் வழக்கு நேரடியாக நுழைந்தது. சுருக்கக் கட்டத்திலோ ஆங்கிலச் சொல் கண்முன் நிற்கிறது. பங்களிப்பாளர் ‘பத்து இலட்சத்தைத் தமிழர் எவ்வாறு சொல்வர்?’ என்று வினவாமல் ‘மில்லியனுக்குத் தமிழ் என்ன?’ என்று வினவியிருப்பார் எனக் கருத இடமுண்டு. இரண்டாம் வினாவுக்கு மில்லியன் என்பதே சரியான விடை. தவறு விடையில் இல்லை, வினாவில் உள்ளது.

‘மி’ என்னும் ஓரெழுத்து

ஓரெழுத்துச் சுருக்கங்களுள் ‘மி’ தனியே நோக்கத்தக்கது. தமிழ்ப் பாடநூல்களிலும் மருந்துச் சீட்டுகளிலும் மி.மீ., மி.லி., மி.கி. என்பன வழங்குகின்றன. அங்கு ‘மி’ ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும். எண் சுருக்கத்தில் அதே எழுத்து பத்து இலட்சம் மடங்கைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் பெரிய எழுத்தாலும் சிறிய எழுத்தாலும் வேறுபடுத்தப்படுகின்றன. தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடு இல்லை. ஆங்கிலச் சுருக்கத்தின் முதலெழுத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதன் வேறுபடுத்தும் உத்தியை எடுத்துக்கொள்ள இயலவில்லை. ‘5ஆ’ என்பதும் ‘5ஆம்’ என்னும் வரிசையெண்ணின் குறைவடிவம்போல் மயங்குகிறது. எனினும் அதனால் விளையும் தீங்கு சிறிது.

ஒரு மொழி, நான்கு நாடு

மில்லியனைத் தமிழல்லாத வழக்கு எனத் தள்ளுவது எளிது, அது பிழையுமாகும். சிங்கப்பூர், மலேசியத் தமிழ் இதழ்கள் மில்லியனை இயல்பாக எழுதுகின்றன. இலங்கைத் தமிழில் ‘மில்லியன் ரூபா’ அன்றாடத் தொடர். இலட்சமும் அதனுடன் வழங்குகிறது. ஆகவே எது தமிழ் என்பது இங்கு வினாவன்று. எந்த நாட்டுத் தமிழருக்கு எந்த இணை கிடைக்கிறது என்பதே வினா.

சிங்கப்பூர், மலேசியக் கிளைகளில் காற்புள்ளி மும்மூன்றாக விழுமாறு சிறப்புவிதி எழுதப்பட்டுள்ளது. 1,234,567 என்பதும் 1.2 மில்லியன் என்பதும் அங்கு ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இலங்கைக் கிளையில் அத்தகைய விதி இல்லை. ஆகவே தாயின் இந்தியக் காற்புள்ளி அங்குச் செல்கிறது. அதே நாட்டின் சிங்களத் தரவு மும்மூன்றாகவே பிரிக்கிறது. இரண்டும் ஆட்சிமொழிகளாக உள்ள ஒரு நாட்டில் ஒரே தொகை சிங்களப் பக்கத்தில் 1,234,567 எனவும் தமிழ்ப் பக்கத்தில் 12,34,567 எனவும் தோன்ற இது வழிசெய்கிறது. பொருள் மாறவில்லை, ஆயினும் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஓய்வூதியர் இரண்டு வேறு தொகைகளைப் பார்ப்பதுபோல் உணர்வார்.

தமிழ்நாட்டில் காற்புள்ளி பொருந்துகிறது, சொல் பொருந்தவில்லை. இலங்கையில் சொல் பொருந்துகிறது, காற்புள்ளி பொருந்தவில்லை. தமிழ் பேசுவோரில் மிகப் பெரும்பாலோர் இவ்விரு நிலங்களிலும் வாழ்பவர் என்பதை நோக்கத் தரவின் குறை புலனாகும்.

புணர்ச்சி இல்லாத எண்ணுப்பெயர்

இக்களஞ்சியத்தின் மற்றொரு பகுதி எண்ணை எழுத்தால் எழுதும் விதிகளைக் கொண்டது. காசோலை, பற்றுச்சீட்டு போன்றவற்றில் தொகையைச் சொல்லில் எழுத இது உதவக்கூடும். வியப்பாக, இங்கு இலட்சமும் கோடியும் உள்ளன. மில்லியன் இல்லை. ஒரே மொழியின் தரவில் இரு பகுதிகள் ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஆயினும் இவ்விதிகள் எண்ணுப்பெயர்களை வெற்றிடம் விட்டு அடுக்குகின்றன. இருபது என்பதன்பின் ஒன்று சேர்ந்து ‘இருபது ஒன்று’ ஆகிறது. தமிழில் அது இருபத்தொன்று. நூறு என்பது தொடரும்போது நூற்று எனவும், ஆயிரம் என்பது ஆயிரத்து எனவும் திரியும். இரண்டும் ஆயிரமும் சேர்ந்தால் இரண்டாயிரம். தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்கள் தம்முள்ளும் நிறை, அளவுப் பெயர்களோடும் புணரும் முறையைத் தனித்தனியே விரித்துரைத்திருக்கிறார். அப்பகுதியைப் படிக்கும் மாணவர்க்கு அது அலுப்பூட்டும் பட்டியலாகத் தோன்றுவதுண்டு. ஆனால் இன்று ஒரு நிரலுக்கு வேண்டியது துல்லியமாக அத்தகைய பட்டியலே.

நிரலால் இது இயலாது என்று கூறவும் முடியாது. இவ்விதிமொழியில் இருபதுக்கு ஒரு விதியும் இருபத்தொன்று முதல் வேறொரு விதியும் எழுத இடமுண்டு. செருமானிய மொழியில் ஒன்றனிலக்கம் பத்திலக்கத்திற்கு முன் வந்து ஒட்டுவதையே அது செய்துகாட்டுகிறது. ‘இருபத்து’, ‘நூற்று’, ‘ஆயிரத்து’ என்னும் திரிந்த வடிவங்களைத் தனி விதிகளாக வைப்பதற்கு இலக்கணம் அறிந்த ஒருவரின் சில நாள் உழைப்பு போதும். உயிர்முதல் எண்களோடு சேரும் ‘இருபத்தாறு’, ‘நூற்றெட்டு’ போன்றவற்றைத் தனித்தனியே எழுதினாலும் பட்டியல் நீளுமே ஒழிய முடிவின்றிப் போகாது.

எண்ணுருவும் பின்னமும்

பொதுவாகத் தமிழ்க் கணிமையில் எண் என்றதும் ௧, ௨, ௩ என்னும் உருக்களே நினைவுக்கு வருகின்றன. தமிழ்ப் பூச்சியம் 2005இல் ஒருங்குறியின் 4.1 பதிப்பில் சேர்ந்தபின், இடமதிப்பு முறையில் தமிழ் உருக்களை எழுத வழி கிடைத்தது. 2024 என்பதை ௨௦௨௪ எனவும், ஆயிரத்திற்கும் பத்திற்கும் தனிக்குறி கொண்ட பழைய முறையில் ௨௲௨௰௪ எனவும் எழுதலாம். களஞ்சியம் இரண்டையும் அறியும். இயல்பு நிலையில் இரண்டையும் காட்டுவதில்லை. இன்றைய அச்சு வழக்கை நோக்க அம்முடிவு சரியே. உருவை மீட்பதில் காட்டப்படும் ஆர்வத்தில் ஒரு பங்கேனும் கணக்கை மீட்பதில் காட்டப்பட்டிருக்கலாம். ௪.௫ மில்லியன் என எழுதினால் உரு தமிழாகும். தமிழ்நாட்டுப் படிப்பாளருக்குக் கணக்கு அயலாகவே இருக்கும்.

2019இல் வெளிவந்த 12.0 பதிப்பு முந்திரி, காணி, மா, கால், அரை முதலிய பின்னக் குறிகளையும் அளவைக் குறிகளையும் உள்ளிட்ட 51 குறிகளுக்கு இடமளித்தது. ஓலைச்சுவடிகளையும் பழைய கணக்கேடுகளையும் பதிப்பிப்போர்க்கு அது பெரும் பயன். பேச்சில் உயிரோடுள்ள ஒன்றரையும் இரண்டேகாலும் மட்டும் எந்தச் சுருக்க வடிவிலும் இடம்பெறவில்லை.

திருத்தத்தின் சிக்கல்

தாய்க் கோப்பில் இலட்சமும் கோடியும் இடவேண்டும். மில்லியனை மூன்று கிளைகளுக்கும் இறக்கவேண்டும். இலங்கைக் கிளையில் மும்மூன்றுக் காற்புள்ளி இடவேண்டும். வரிசை மாறக்கூடாது. கிளைகளில் எழுதாமல் தாயை மட்டும் திருத்தினால், இன்று பொருந்தி நிற்கும் சிங்கப்பூர், மலேசிய வடிவங்களும் குலையும்.

சொல்லின் வடிவிலும் கருத்து வேறுபாடு எழக்கூடும். இலட்சம், லட்சம், நூறாயிரம் என மூன்றும் எழுத்தில் உள்ளன. சுருங்கிய வடிவிற்கு ‘இல’ பொருந்தாது. அது இலக்கம் என்பதன் சுருக்கமாக இலங்கையில் வழங்குகிறது. ‘ல’ என ஓரெழுத்தாக நிறுத்தினால் தூயோர் மொழிமுதல் எழுத்தைப் பற்றி வினவுவர். கோடிக்கு மேலே செல்லும்போது தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டச் செய்திகள் ‘இலட்சம் கோடி’ என்றே எழுதுகின்றன. இந்திய ஆங்கிலத் தரவு அதற்கும் ஒரு சுருக்கம் வைத்துள்ளது. தமிழில் அந்தக் கட்டத்தில் இருப்பது டிரில்லியன்.