மூலையை மறைத்தால் நோட் தெரியும்

ஸ்டாஃப் நோட்டேஷன் கற்றுத்தரும் சீட்டுக்கட்டு ஒன்று சில வாரங்களாக எங்கள் வீட்டில் புழங்குகிறது. கீபோர்டு கிளாஸ் போகும் என் மகளும் பக்கத்து வீட்டுப் பையனும் ஆடுகிறார்கள். ஆள் குறைந்தால் நானும் உட்காருவேன். சீட்டுக்கு ஒரு நோட், பாதி ட்ரெபிள் கிளெஃப், பாதி பேஸ் கிளெஃப். அட்டை கெட்டி, அச்சு தெளிவு. குறை ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று கட்டின் நோக்கத்தையே கெடுத்துவிடுகிறது.

ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் நோட்டின் பெயரை சி, டி, ஈ என்று அச்சிட்டிருக்கிறார்கள். சீட்டுகளைக் கையில் விரித்துப் பிடித்தால் கண்ணில் படுவது அந்த மூலை மட்டுமே. ஐந்து கோடும் நோட்டும் அடுத்த சீட்டுக்குப் பின்னால் போய்விடுகின்றன.

ரம்மியில் மகள் சி, டி, ஈ என்று மளமளவென அடுக்கிக் கீழே வைத்தாள். சீட்டுகளைப் பார்த்தேன். சி பேஸ் கிளெஃபின் இரண்டாவது இடைவெளியில், டி ட்ரெபிளின் நாலாவது கோட்டில், ஈ மறுபடி பேஸில் மூன்றாவது இடைவெளியில். கீபோர்டில் வாசித்தால் கை இங்கும் அங்கும் தாவ வேண்டும். ஆட்டத்தில் அது சரியான வரிசை! ஆங்கில எழுத்து தெரிந்த எந்தக் குழந்தையும், ஒரு நோட்டைக்கூடப் பார்க்காமல், இந்த ஆட்டத்தை ஜெயித்துவிடும்.

நோட் வாசிப்பதில் பெயருக்கு இரண்டாம் இடம்தான். முந்தைய நோட்டிலிருந்து இது எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதைக் கண் பிடிக்க வேண்டும். கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்குப் போனால் ஒரு படி. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒரு சுரத்தைத் தாண்டியிருக்கிறோம். ஏ.பி.ஆர்.எஸ்.எம். கிரேடு தேர்வின் சைட் ரீடிங்கில் புது வரியைப் பார்த்துக்கொள்ளத் தருவது அரை நிமிடம். ஒவ்வொரு நோட்டாகப் பெயர் கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் அது போதவே போதாது.

எடின்பரோவில் ஆன் யங் என்ற இசை ஆசிரியை இதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார். 1801-இல் அவர் காப்புரிமை பெற்ற இசை விளையாட்டுப் பெட்டியில், ஐந்து கோடு வரைந்த பலகையே ஆடுகளம். கோடுகளைப் பார்க்காமல் ஆட வழியில்லை.

நம் கட்டுக்கும் வழி இருக்கிறது. மூலைகளில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினேன். ரம்மியை விட்டுவிட்டு, ஏழிலிருந்து இரு பக்கமும் வரிசையாக அடுக்கும் செவன்ஸ் ஆடினோம். ஏழுக்குப் பதில் மிடில் சி. சீட்டுகளைக் கையில் பிடிக்காமல் அவரவர் முன்னால் பரப்பிக்கொண்டோம். மிடில் சி-க்கு மேலே ட்ரெபிள் வரிசை ஏறுகிறது, கீழே பேஸ் வரிசை இறங்குகிறது. இரண்டு கிளெஃபும் ஒரே ஏணி என்பது தரையிலேயே விரிந்து கிடக்கிறது. மிடில் சி-யையும் சேர்த்து எண்ணினால், மேலே ஐந்தாவது சீட்டாக வரும் ஜி, ட்ரெபிள் குறியின் சுழி சுற்றிவரும் கோடு. கீழே ஐந்தாவதாக வரும் எஃப், பேஸ் குறியின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கோடு. இந்த மூன்றும் மனதில் நின்றால் மற்ற நோட்டுகளைப் பக்கத்திலிருந்தே பிடித்துவிடலாம்.

வேகம் குறைந்தது, பேச்சு மாறியது. “இது கோட்டுல முடிஞ்சிருக்குப்பா, அடுத்து இடைவெளிதான் வரணும்” என்று மகள் தன் சீட்டுகளில் விரலை ஓட்டித் தேடினாள். எழுத்தின் பெயர் அவள் வாயில் வரவே இல்லை. இதற்குத்தானே கட்டை வாங்கினோம்.

தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூலையில் எழுத்தை எடுத்துவிட்டு, அங்கேயும் சின்னதாக ஐந்து கோடும் நோட்டுமே போடுங்கள். விடைக்குத் தனித் தாள் ஒன்று போதும். தாளக் கணக்கு இந்தக் கட்டில் இல்லை. அதை ஆசிரியரிடம்தான் கற்க வேண்டும். மற்றபடி, ஸ்டிக்கர் ஒட்டி ஆடத் தயாரென்றால் தயங்காமல் வாங்கலாம். உள்ளபடியே ஆடுவதாக இருந்தால் வேண்டாம்.