அஞ்சுபவரின் சாட்சியம்: ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் ரெஜினால்ட் பார்க்லே பாத்திரம்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரான ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ (1987–1994) படைத்த பாத்திரங்களுள் ரெஜினால்ட் பார்க்லே தனித்து நிற்பவர். அச்சமும் பதற்றமும் இயல்பாக அமைந்த இப்பொறியாளர் தாம் கண்டதைக் கூறும்போது ஏன் நம்பப்படுவதில்லை என்பதனை, 1992இல் ஒளிபரப்பான ‘ரெல்ம் ஆஃப் ஃபியர்’ (அச்சத்தின் ஆட்சிப்பரப்பு) என்னும் பகுதியை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. காண்டலையும் கண்டதற்குப் பொருள் கூறலையும் பிரித்தறியத் தவறுவதே அவநம்பிக்கையின் வேர் என்றும், அவ்வவநம்பிக்கையின் இழப்பு சாட்சி கூறுபவரைக் கடந்து, பேச இயலாத பிறர்மீது விழுகிறது என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைவு, அச்சம், சாட்சியம், நம்பகத்தன்மை, பார்க்லே, ஸ்டார் ட்ரெக்.

முன்னுரை

விண்கலப் பயணத்தைப் பொருளாகக் கொண்ட புனைவுகள் பெரும்பாலும் அஞ்சாமையைப் போற்றுவன. அறியாத உலகங்களை நோக்கிச் செல்லும் கலத்தில் அஞ்சுபவருக்கு இடமில்லை என்பது அவ்வகைப் புனைவுகளின் எழுதாத விதி. ஜீன் ராடன்பெர்ரி உருவாக்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ உலகம் இவ்விதியை மேலும் இறுக்கியது. வருங்கால மனிதர் பேராசையையும் உட்பகையையும் கடந்தவர் என்பதால், கலத்தின் பணியாளர்களிடையே சிறுமைப் பூசல்கள் நிகழலாகாது என்று அவர் வற்புறுத்தினார். குறையற்றவர்களாக வார்க்கப்பட்ட இக்கூட்டத்தின் நடுவே, 1990 ஏப்ரல் 30 அன்று ஒளிபரப்பான ‘ஹாலோ பர்ஸ்யூட்ஸ்’ என்னும் பகுதியில் பார்க்லே முதன்முதலாகத் தோன்றுகிறார். சொல் தடுமாறுபவர், பணிக்குக் காலம் தாழ்த்தி வருபவர், மேலதிகாரிகளின் முகம் நோக்கிப் பேசக் கூசுபவர். சமூகம் முழுமையடைந்துவிட்டது என்னும் தொடரின் நம்பிக்கையை இவர் ஒருவரின் இருப்பே ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. நம்பப்படுதல் என்னும் சிக்கல் இவ்விடத்திலேயே தொடங்குகிறது.

நம்பகத்தன்மையின் முன்கதை

‘ரெல்ம் ஆஃப் ஃபியர்’ பகுதிக்குள் பார்க்லே வரும்போது ஒரு முன்கதையைச் சுமந்தே வருகிறார். ‘ஹாலோ பர்ஸ்யூட்ஸ்’ பகுதியில், ‘ஹோலோடெக்’ எனப்படும் மாய உருவெளி அறைக்குள் ஒளிந்து, உடன் பணிபுரிவோரின் சாயல்களைத் தம் விருப்பப்படி ஆட்டுவித்தவர் அவர். உடன் பணிபுரிவோரோ அவர் பெயரைத் திரித்து ‘ப்ராக்கோலி’ என்று காய்கறியின் பெயரால் எள்ளினர். கலத்தலைவர் பிக்கார்டே ஒருமுறை அப்பெயரால் அவரை வாய்தவறி அழைத்துவிடுகிறார். ஆயினும், கலத்தில் தொடர்பின்றி நிகழ்ந்துகொண்டிருந்த பழுதுகளுக்குப் பொறிகளைக் காட்டிலும் அவற்றைக் கையாண்ட மனிதர்களே இணைப்பாக இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தவர் அவரே. அவ்வெண்ணமே கலத்தைக் காத்தது.

நடிகர் தேர்வும் இம்முன்கதையின் ஒரு பகுதியாகிறது. பார்க்லேயாக நடித்த ட்வைட் ஷுல்ட்ஸ், 1980களில் ‘தி ஏ-டீம்’ தொடரில் மனநல மருத்துவமனைவாசியான விமானி மர்டாக்காக அமெரிக்கப் பார்வையாளரிடையே நன்கு அறிமுகமானவர். அம்முகத்தைக் காணும் பார்வையாளர் மனத்தில் ‘இவர் சொல்வது மெய்தானா’ என்னும் வினா, அவர் வாய்திறக்கும் முன்பே எழுந்துவிடுகிறது. இவ்வாறு, கலத்தின் பணியாளர்களுடன் பார்வையாளரும் அவநம்பிக்கையின் பங்காளராக ஆக்கப்படுகிறார்.

கண்டதும் கேட்டதும்

‘ரெல்ம் ஆஃப் ஃபியர்’ 1992 செப்டம்பர் 28 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர் பிரானன் பிராகா. இயக்கியவர் கிளிஃப் போல். இரட்டை விண்மீன்களிடையே பாயும் பிளாஸ்மா ஓடையில் ‘யோசமிட்டி’ என்னும் ஆய்வுக்கலம் தனித்துக் கிடக்கிறது. அதன் பணியாளருள் ஒருவர் இறந்து கிடக்க, மற்றவர்களைக் காணவில்லை. அக்கலத்திற்குச் செல்ல ‘டிரான்ஸ்போர்ட்டர்’ எனப்படும் உடல்கடத்திப் பொறியைப் பயன்படுத்த வேண்டும். உடலை அணுக்கூறுகளாகப் பிரித்து, கதிராக அனுப்பி, மறுமுனையில் மீண்டும் சேர்க்கும் பொறி அது. பார்க்லேக்கு அதன்மீது தீராத அச்சம். உளவள ஆலோசகர் டயனா ட்ராயின் துணையோடு அவர் ஒருவாறு துணிந்து சென்றுவிடுகிறார். திரும்பும் வழியில், கதிரின் நடுவே, வாய் பிளந்த புழுவை ஒத்த உருவம் ஒன்று தம்மை நோக்கி வருவதையும் தம் கையைத் தீண்டுவதையும் காண்கிறார்.

இக்காட்சியைத் தொடர் பார்க்லேயின் கண்வழியே காட்டுகிறது. கடத்தலின்போது பயணி உள்ளிருந்து காண்பது எத்தகையது என்பதை இப்பகுதி பார்வையாளருக்கு உணர்த்துகிறது. பார்வையாளர் அவரோடு காண்கிறார். ஆனால் அவரது முன்கதையை அறிந்திருப்பதால் கண்டதை நம்பவும் தயங்குகிறார். மீயியற்கைக்கும் இயற்கைக்கும் இடையே நிகழும் இத்தயக்கத்தையே விந்தைப் புனைவின் இலக்கணமாக ட்ஸ்வெட்டான் தொதொரோவ் 1970இல் வகுத்துரைத்தார். இப்பகுதியில் அத்தயக்கம் பேருருவம் ஒன்றைப் பற்றியதாகத் தோன்றினாலும், உண்மையில் ஒரு மனிதரின் நம்பகத்தன்மையைப் பற்றியதாகவே அமைகிறது.

அவர் கூறியதைக் கேட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். தலைமைப் பொறியாளர் லா ஃபோர்ஜ் அவர்மீது பரிவு கொண்டவர். கூற்றைக் கேட்டதும் பொறி சோதிக்கப்படுகிறது. அக்காட்சிக்குக் காரணமாகக்கூடிய பழுது எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே ஐயம் பொறியை விட்டு மனிதர்மீது திரும்புகிறது. சோதனை இரண்டு வாய்ப்புகளையே கருதியது: ஒன்று பொறி கெட்டிருக்க வேண்டும், இன்றேல் மனிதர் கெட்டிருக்க வேண்டும். கதிருக்குள் மெய்யாகவே வேறொன்று இருக்கக்கூடும் என்னும் மூன்றாம் வாய்ப்பை எவரும் வினவவில்லை. நம்பாமை இங்குப் பகைமையிலிருந்து பிறக்கவில்லை. வினா குறுகியதிலிருந்து பிறக்கிறது.

தன்னையே நம்பாமை

மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலில், கேட்பவரின் முற்சாய்வால் பேசுபவரின் சொல் உரிய மதிப்பை இழப்பதனைச் சான்றுரை அநீதி என்று சுட்டினார். பாலினம், இனம் முதலிய சமூக அடையாளங்களே அவரது ஆய்வின் மையம். பார்க்லே பாத்திரம் இக்கருத்தை இயல்புக் கூறு ஒன்றிற்கு நீட்டிப் பார்க்க வாய்ப்பளிக்கிறது. நடுங்கும் குரலும் வியர்த்த முகமும் சொல்லின் உண்மையைக் குறைப்பன அல்ல. ஆயினும் குறைப்பனவாகக் கொள்ளப்படுகின்றன.

இவ்வநீதியின் கூர்மையான முனை, பேசுபவர் தம்மையே ஐயுறத் தொடங்கும் இடமாகும். பார்க்லே கலத்தின் கணினியிடம் உடல்கடத்தலால் விளையும் மனநோய் பற்றி வினவுகிறார். அது அடுக்கும் அறிகுறிகளைக் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றையும் தம் உடலில் காண்கிறார். தம் கையில் நீல ஒளி படர்வதைக் கண்டபோதும் அதனைச் சான்றாகக் கொள்ளாமல் நோயின் குறியாகவே கொள்கிறார். கையில் இருக்கும் சான்றையே சான்று என்று அறியாத நிலைக்கு ஒரு சாட்சி தள்ளப்படுவதை இக்காட்சி மிகையின்றிக் காட்டுகிறது. பிறரின் அவநம்பிக்கை அவருக்குள் குடியேறிவிட்டது. ட்ராய் அவரைப் பணியிலிருந்து தற்காலிகமாக விடுவிப்பது நல்லெண்ணத்தால்தான். எனினும் அச்செயல் அவரது சொல்லுக்கு எஞ்சியிருந்த அலுவல்முறை மதிப்பையும் நீக்கிவிடுகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அச்சம் தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கைக் கூறுகிறது. வேற்றுப் பண்பாட்டுப் புனைவொன்றை இவ்வகைப்பாட்டுக்குள் முழுதும் அடக்குதல் பொருந்தாது. ஆயினும் விலங்கச்சத்தையும் இறையச்சத்தையும் ஒருங்கே வைத்து எண்ணும் அப்பார்வை இங்குத் துணைபுரிகிறது. பார்க்லே கதிரிலுள்ள உருவத்திற்கு அஞ்சுகிறார். அதற்குக் குறையாமல் அதனைச் சொல்லவேண்டிய மேலதிகாரிகளுக்கும் அஞ்சுகிறார். முதல் அச்சம் அவரைக் கூர்ந்து காணச் செய்கிறது. இரண்டாம் அச்சம் கண்டதைச் சொல்லவிடாமல் தடுக்கிறது. கேட்டவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டதே பிழை.

சான்றுக்கு முந்திய நம்பிக்கை

தாம் பித்தரா என்பதை அறிய, பார்க்லே மீண்டும் கதிருக்குள் செல்லத் துணிகிறார். பொறியை இயக்கும் ஓ’பிரையனின் துணையோடு சென்று, அவ்வுருவத்தை மறுபடியும் கண்டு, உயர் அலுவலர்களை நள்ளிரவில் எழுப்பிக் கூட்டுகிறார். அங்கே பிக்கார்ட் அவரது கூற்றை மதித்து ஆய்வைத் தொடரப் பணிக்கிறார். கையில் உறுதியான சான்று எதுவும் இல்லாத நிலையில் எடுக்கப்படும் இம்முடிவே இப்பகுதியின் அறமையம்.

இதனை மற்றொரு படைப்போடு ஒப்பிடுவது பயன்தரும். ரிச்சர்ட் மாத்திசன் எழுதி 1963 அக்டோபர் 11 அன்று ‘தி ட்விலைட் ஸோன்’ தொடரில் ஒளிபரப்பான ‘நைட்மேர் அட் 20,000 ஃபீட்’ பகுதியில், மனநலச் சிகிச்சை முடிந்து திரும்பும் பயணி ஒருவர் விமானத்தின் இறக்கைமீது ஓர் உருவத்தைக் காண்கிறார், எவரும் நம்புவதில்லை. அப்பயணியாக நடித்த வில்லியம் ஷாட்னரே பின்னர் முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் கலத்தலைவர் கிர்க்காகத் தோன்றியவர். அக்கதையில் அவர் கூறியது மெய் என்பதற்குச் சேதமுற்ற இறக்கையே இறுதியில் சான்றாகிறது. அதனைப் பார்வையாளர் காண்கிறார். அவரோ கட்டுண்ட நிலையில் கொண்டுசெல்லப்படுகிறார். அங்குச் சான்று நம்பிக்கைக்கு முந்துகிறது. ஆகவே நம்பிக்கை காலம் கடந்தே வரும். பார்க்லே கதையில் நம்பிக்கை சான்றுக்கு முந்துகிறது. ஆகவே சான்றைத் தேடிக் கண்டடைய முடிகிறது. நம்புதல் என்பது ஒருவரின் முடிவை ஏற்பதன்று, அவர் கூற்றைத் தேடலுக்குரியதாக ஏற்பது என்னும் வேறுபாடு இவ்வொப்பீட்டில் துலங்குகிறது.

அஞ்சியவர் கண்டது யாரை?

மருத்துவச் சோதனையில் பார்க்லேயின் உடலில் ஆற்றல்வடிவ நுண்ணுயிர்கள் இருப்பது தெரியவருகிறது. அவற்றை வடித்து நீக்க அவரைக் கதிருக்குள் நெடுநேரம் நிறுத்த வேண்டியுள்ளது. அவ்வுருவம் மீண்டும் நெருங்குகிறது. இம்முறை அவர் விலகாமல் அதனைப் பற்றிப் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறார். மேடையில் கிடப்பது புழு அன்று. காணாமற்போன யோசமிட்டிப் பணியாளர்களுள் ஒருவர். எஞ்சியவர்களும் பின்னர் அவ்வாறே மீட்கப்படுகின்றனர்.

இத்திருப்பம் பார்க்லே கூறியது முழுவதும் சரி என்று காட்டவில்லை. கதிரில் ஒன்று இருக்கிறது என்ற அவரது காண்டல் சரி. அது கொடிய உயிர் என்ற பொருள்கோள் தவறு. உதவி நாடி நீண்ட கையை அவர் தாக்க வந்த வாயாகக் கொண்டார். அச்சம் நல்ல சாட்சி. ஆனால் நல்ல உரையாசிரியர் அன்று. உரை பிழையென்று தோன்றியதால் சாட்சியையும் தள்ளியதே கலத்தினர் செய்த தவறு. மூலத்தையும் உரையையும் பிரித்து மதிப்பிடும் பயிற்சியுடைய இலக்கிய ஆய்வாளருக்கு இத்தவறு அயலானதன்று.

மேலும், நம்பப்படாமையால் இழக்க நேர்ந்திருப்பது பார்க்லேயின் நற்பெயர் மட்டுமன்று. கதிருக்குள் சிக்கியவர்கள் தாமே பேச இயலாதவர்கள். அவர்கள் இருப்பதையே எவரும் அறியவில்லை. அவர்களுக்கிருந்த ஒரே வழி, அஞ்சி நடுங்கிய அம்மனிதரின் சொல். 1999 டிசம்பர் 1 அன்று ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ தொடரில் ஒளிபரப்பான ‘பாத்ஃபைண்டர்’ பகுதியிலும் இவ்வமைப்பே மீள்கிறது. விண்வெளியின் தொலைகோடியில் தவிக்கும் வாயேஜர் கலத்தோடு தொடர்புகொள்ள வழியுண்டு என்று பார்க்லே கூறுகிறார். அவரது பழைய மாயஅறைப் பழக்கத்தைக் காரணமாகக் கொண்டு மேலதிகாரி மறுக்கிறார். விலக்கை மீறி அவர் செயற்பட்ட பின்னரே அக்கலத்தின் குரல் புவியை எட்டுகிறது. இங்கும் அவரை நம்பாததன் விலையைக் கொடுக்கவிருந்தவர்கள், தொலைவில் கேட்பாரின்றி இருந்தவர்களே.

வரம்புகள்

இப்பகுதிக்குக் குறையும் உண்டு. பார்க்லே இறுதியில் சரியென்று மெய்ப்பிக்கப்படுவதால்தான் அவருக்கு மதிப்புக் கிடைக்கிறது. கதிரில் எதுவும் இல்லாதிருந்தால் கலம் அவரை எவ்வாறு நடத்தியிருக்கும் என்னும் வினாவைக் கதை எதிர்கொள்ளவில்லை. மேலும், அவர் அஞ்சாமல் பற்றிப் பிடித்த பின்பே மீட்பு நிகழ்வதால், துணிவே நம்பகத்தன்மையின் விலை என்ற பழைய விதி மறைமுகமாகத் திரும்புகிறது. ஏழாண்டுகளுக்குப் பின் வந்த ‘பாத்ஃபைண்டர்’ பகுதியில் அவர் அதே அவநம்பிக்கையை மீண்டும் முதலிலிருந்து சந்திப்பது, அமைப்பு தன் கேட்கும் முறையை மாற்றிக்கொள்ளவில்லை என்பதைக் காட்டுகிறது. ஒரு தனிமனிதர் குணமடைந்ததாகக் கதை முடிகிறது. கேட்ட செவிகள் குணமடைந்ததாக எங்கும் கூறப்படவில்லை.

முடிவுரை

பார்க்லே பாத்திரத்தை நகைச்சுவைத் துணைப்பாத்திரமாகவோ, அச்சத்தை வென்றவரின் முன்மாதிரியாகவோ கொள்வது போதாது. ஓர் அமைப்பு எவருடைய சொல்லைத் தேடலுக்குரியதாக ஏற்கிறது என்பதை அளந்து காட்டும் பாத்திரம் அவர். பதற்றமுடையவரின் கூற்றில் காண்டல் எது, பொருள்கோள் எது என்று பிரித்துக் கேட்கும் பொறுப்பு கேட்பவருடையது. ‘ரெல்ம் ஆஃப் ஃபியர்’ பகுதியின் நிறைவில் ஓ’பிரையன் தாம் வளர்க்கும் பெருஞ்சிலந்தியைப் பார்க்லேயிடம் தருகிறார். சிலந்திக்கு முன்பு அஞ்சியவர் அவர். அஞ்சியவர் ஒருவர் அஞ்சுபவர் ஒருவரிடம் காட்டும் இச்சிறு தோழமையே, கலத்தின் சோதனைப் பொறிகள் அனைத்தும் கேட்கத் தவறியதைக் கேட்கும் செவியின் அடையாளமாக எஞ்சுகிறது.