திண்ணனார் வேட்டையும் நாய்க்குத் தப்பிய கேழலும்

கண்ணப்ப நாயனார் புராணத்தை அறியாத தமிழாசிரியர் இலர். ஆயினும் அதனை நாம் வகுப்பில் நடத்தும் முறையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். "திண்ணனார் வேட்டைக்குச் சென்றார்; ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு காளத்தி மலைக்கு வந்தார்" என்று இரண்டு வாக்கியங்களில் வேட்டையை முடித்துவிட்டு, கண்ணை இடந்து அப்பும் காட்சிக்கு விரைகின்றோம். கொலையும் ஊனும் மாணாக்கர்க்கு வேண்டா என்பது சிலர் எண்ணம். பன்றி என்னும் சொல்லை உரக்கச் சொல்லவே கூசுவாரும் உண்டு. சேக்கிழார் அவ்வாறு கூசவில்லை. 180க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அப்புராணத்தில் வேட்டைக்கு அவர் தந்துள்ள இடம் பெரிது. அதை நீக்கிவிட்டால் எஞ்சிய கதை கால் ஊன்ற நிலமின்றி நிற்கும் என்பதே இக்கட்டுரையாளன் கருத்து.

முதல் நூல்களை நோக்குக. சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் கண்ணப்பரைப் பெயரளவில் போற்றிச் செல்கிறார். நம்பியாண்டார் நம்பி அந்தாதியில் ஒரு பாட்டு அமைத்தார். நக்கீர தேவரும் கல்லாட தேவரும் திருக்கண்ணப்ப தேவர் திருமறம் என்ற பெயரில் தனித்தனியே பாடினர். இரண்டும் பதினோராம் திருமுறையில் உள்ளன. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் வாழ்ந்த சேக்கிழாரோ உடுப்பூரையும், நாகனையும், தத்தையையும், முதுமை எய்திய தந்தை வில்லைத் தாங்க மாட்டாமையால் காட்டில் விலங்குகள் பெருகிய செய்தியையும் விரித்து, மகன் தலைமையேற்றுச் செல்லும் கன்னி வேட்டையைக் கண்முன் நிறுத்துகிறார்.

அவ்வேட்டையில் மூன்று கருவிகள் உள்ளன: வலை, நாய், வில். காட்டைச் சுற்றி வலை கட்டுவர். நாய்களை விட்டு விலங்குகளை எழுப்புவர். வெளிப்படுவனவற்றை அம்பால் வீழ்த்துவர். கிரேக்க நாட்டுச் செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய வேட்டை நூலிலும் காட்டுப்பன்றிக்கு இதே வலை, இதே நாய். வில்லுக்கு மாறாக ஈட்டி. ஈட்டியின் கழுத்தில் இருபுறமும் பல்போல் நீட்டிய இரும்பு வேண்டும் என்கிறார் அவர். குத்துண்ட பன்றி ஈட்டிக்காம்பின் வழியே ஏறி வந்து வேட்டுவனைக் கிழித்துவிடும் என்பதற்காக! பன்றி எத்தகைய பகை என்பதை இஃதொன்றே காட்டும். நம் சரவாக்கில் பெனான் மக்கள் நாய்களைக் கொண்டு தாடிப்பன்றியை மடக்கி ஈட்டியால் குத்தும் வழக்கமுடையவர். தோட்டப்புறங்களில் நாய்களோடு பன்றி வேட்டைக்குப் போன பெரியவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தோர் நம்மிடையே பலர். அவர்கட்கு இப்பாடல்கள் உரையின்றியே விளங்கும்.

நாயின் வேலை பன்றியைக் கொல்வதன்று, நிறுத்துவது. ஓடிக் களைத்த பன்றி மரத்தையோ பாறையையோ பின்புறமாகக் கொண்டு நாய்களை எதிர்நோக்கி நிற்கும். தன் பின்னங்காலைக் காக்கும் உபாயம் அது. நாய்கள் சுற்றி நின்று குரைக்கும். அருகே சென்றது கோரைப்பல்லால் கிழியும். ஆள் வந்து சேரும்வரை அதனை அங்கேயே பிடித்து வைப்பதுதான் நாயின் திறம்.

இனிச் சேக்கிழாரின் பன்றிக்கு வருவோம். இடிக்குரலும் கனல் சிந்தும் கண்ணுமாகக் கருமேகம்போல் எழுகிறது. கட்டிய வலைகள் அறுகின்றன. விட்ட அம்புகளுக்கும் கொலைத்தொழில் வல்ல ஞமலிகளுக்கும் அது வழுவிப் போய்விடுகிறது. ஞமலி என்பது நாய். தொடர்ந்து வரும் பாடல்களில் அவ்விலங்கை ஏனம் என்றும், கேழல் என்றும், பன்றி என்றும் புலவர் மாற்றி மாற்றிச் சொல்கிறார். குற்றெழுத்துகள் நெருங்கி ஓடும் சந்தமும் பன்றியின் ஓட்டத்தோடு ஒத்தோடுகிறது. உரத்துப் படித்தாலன்றி இது தெரியாது. நாமோ பொருளெழுதிப் போட்டுவிட்டு மேலே செல்கிறோம்!

ஆக, வலை தோற்றது, நாய் தோற்றது, அம்பும் தோற்றது. வேட்டையின் மூன்று கருவிகளும் ஒரே விலங்கிடம் தோற்றதனால்தான் திண்ணனார் தம் கூட்டத்தைப் பிரிந்து ஓட நேர்ந்தது. நாணனும் காடனும் தவிர வேறொருவரும் அறிந்திலர். நாய்கள் மட்டும் அப்பன்றியை மடக்கி நிறுத்தியிருந்தால் உடுப்பூர் வேடர் அனைவரும் அங்குக் கூடியிருப்பர். பன்றியைப் பங்கிட்டு ஊர் திரும்பியிருப்பர். காளத்தி மலை திண்ணனார் கண்ணில் பட்டிராது. கதையின் திருப்பம் நாயின் தோல்வியிலே இருக்கிறது. இதனை நம் உரைகள் போதிய அளவு எடுத்துக்காட்டவில்லை.

ஓர் ஆள் ஓடிப் பன்றியைப் பிடிக்க முடியுமா என்று ஐயுறுவர் சிலர். முடியும். பன்றி குறுகிய தொலைவில் மிகக் கடிது ஓடும். ஆனால் வியர்வையால் உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை என்றே சொல்லலாம். நெடுந்தொலைவு விடாது துரத்தினால் உடல் கொதித்து நின்றுவிடும், நிழலைத் தேடும். சேக்கிழாரின் கேழல் எங்கே நிற்கிறது? மலையடிவாரத்து மரச்செறிவின் நிழலில், வலி தளர்ந்து நிற்கிறது. இதைக் கற்பனையில் மட்டும் கண்டவர் இவ்வாறு எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. கண்டவரிடம் கேட்டேனும் எழுதியிருப்பார். அந்நிலையில் திண்ணனார் அம்பைக் கருதவில்லை. சுரிகையை உருவிப் பாய்ந்து அதன் உடலை இரு துண்டாக்குகிறார்.

இங்கே மேடைச் சொற்பொழிவுகளில் கேட்கும் ஒரு விளக்கத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. வலை என்பது பாசமாம், நாய்கள் ஐம்புலன்களாம், பன்றி ஆணவமாம். கேட்பதற்கு இனிமைதான். ஆனால் அடுத்து நடப்பது என்ன? அந்தப் பன்றியின் தசையைக் கோலில் கோத்துப் பதமாகக் காய்ச்சி, வாயிலிட்டு அதுக்கிச் சுவை பார்த்து, இனியவற்றை மட்டும் கல்லை என்னும் இலைக்கலத்தில் சேர்த்துக் குடுமித்தேவருக்குப் படைக்கிறார். ஆணவத்தையா சுவை பார்த்துத் தேர்ந்தெடுத்தார்? உருவகம் அவ்விடத்திலேயே முறிந்துபோகிறது. பன்றியைப் பன்றியாகவே கொண்டால் எல்லாம் பொருந்துகின்றன. நெடுவழி ஓடியதனால் பசி. பசியினால் தீயும் தண்ணீரும் தேடல். தண்ணீர் தேடியதனால் பொன்முகலி. பொன்முகலியின் அருகே மலை. பசித்து நின்ற வேடன் தான் உண்ணாமல் இறைவன் பசியை எண்ணுகிறான் என்பதன் கனம், அவன் ஓடிய ஓட்டத்தை நாம் அறிந்தால்தான் விளங்கும்.

நாய்க்கு இழிவு கற்பித்தார் சேக்கிழார் என்றும் கொள்ளற்க. அவர் காலத்துக்கு முன்னரே தென்னாட்டில் நாய்க்குக் கல் நட்டுச் சிறப்புச் செய்தனர். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாய் பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளது. பன்றி வேட்டைக்கு நேர்ச் சான்றோ கன்னட நாட்டு ஆதக்கூர்க் கல்வெட்டு. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியைக் கூறும் அக்கல்வெட்டு 949-50ஆம் ஆண்டைச் சார்ந்தது. அப்போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பானை, வேண்டுவது கேள் என்றான் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன். அவன் பொன் கேட்கவில்லை; காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டான். பெலத்தூருக்கு மேற்கே ஒரு குன்றின் அருகே அந்நாயை ஒரு பெரும் பன்றிமேல் ஏவ, இரண்டும் பொருது இரண்டும் மாண்டன. அதற்காகக் கோயில் முன் கல் நட்டு நிலமும் விட்டனர். கல்லின் மேற்பகுதியில் நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தை இன்றும் பெங்களூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

அங்கே நாய் வென்று மடிந்து கல்லாயிற்று. சேக்கிழார்க்கு வேண்டியது அதுவன்று. நாயையும் கூட்டத்தையும் விட்டுத் தனித்து வரும் ஓர் ஆள் வேண்டும். ஆயினும் வேட்டுவர் அறத்தை அவர் மறக்கவில்லை. யானைக் கன்றுகளைத் தொடராமையும், சிறு குருளைகளைக் கொல்லாமையும், கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை வருத்தாமையும் அதே வேட்டைக்குள் வைத்துச் சொல்கிறார். கொலைக்கு அஞ்சி வேட்டையைத் தவிர்க்கும் ஆசிரியர், இந்த இரக்கத்தையும் சேர்த்தே மாணாக்கரிடமிருந்து மறைத்துவிடுகிறார்.

அடுத்துவரும் நாட்களில் திண்ணனார் இறைவனுக்கு ஊன் தேடிக் காடு செல்லும் பகுதிகளை இதனோடு வைத்துப் படித்தல் நன்று. அவை தனி வேட்டை. வலை கட்ட ஆளில்லை. நாணனும் காடனும், இவர் தேவமயல் கொண்டார் என்று உடுப்பூருக்குச் சொல்லப் போய்விட்டனர். ஞமலிகளைப் பற்றிய பேச்சும் இல்லை.