திரும்ப அழைக்கும் விளம்பரமும் கம்பம் பள்ளத்தாக்கும்

திருமுழுக்கும் புதுநன்மையும் பெற்ற பிறகு திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிட்ட கத்தோலிக்கரைத் தொலைக்காட்சி விளம்பரத்தின் வழியே மீண்டும் அழைக்கும் முயற்சிக்கு அமெரிக்காவில் விரிந்த வடிவம் தந்தவர், விளம்பரத் தொழிலிலிருந்து வந்த டாம் பீட்டர்சன். அவர் நிறுவிய 'கத்தோலிக்ஸ் கம் ஹோம்' அமைப்பு 2008ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நோன்புக் காலத்தில், ஃபீனிக்ஸ் மறைமாவட்டத்தில் தன் விளம்பரங்களை ஒளிபரப்பியது. அதன் விளைவாக ஏறத்தாழ 92,000 பேர் திரும்பினர் என்றும் அறிவித்தது.

இம்முறையின் சிறப்பு, அது எவரையும் கடிந்துகொள்ளாமல் பேசுவது. பல ஆண்டுகள் ஒப்புரவு அருட்சாதனத்தை, பழைய வழக்கில் பாவசங்கீர்த்தனத்தை, தவிர்த்துவந்தவருக்குப் பங்குத்தந்தையின் முகத்தைப் பார்ப்பதே கூச்சமாகிவிடுகிறது. அத்தகையவரிடம் வீட்டுக் கூடத்தில், பிறர் அறியாமல், ஓர் அழைப்பு வந்து சேர்வது கருணையான ஏற்பாடுதான். பியூ ஆய்வு மையம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கத்தோலிக்கத்தை விட்டு எச்சமயத்தையும் சாராதவர்களாகிவிட்டோரில் பத்துக்கு ஏழு பேர், தாங்கள் மெல்ல மெல்ல விலகியதாகவே கூறினர். மறதியால் விலகியவருக்கு நினைவூட்டல் பயன்படக்கூடும். ஆனால் அதே ஆய்வில், புராட்டஸ்டன்டு சபைகளுக்குச் சென்றவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஆன்மிகத் தேவை நிறைவேறாததைக் காரணமாகச் சொன்னார்கள். அவர்களுக்கு நினைவூட்ட எதுவுமில்லை. 92,000 என்ற எண்ணும் எச்சரிக்கையோடு அணுகத்தக்கது. குடியேற்றத்தால் வேகமாகப் பெருகிவந்த ஒரு நகரத்தில் கோயிலுக்கு வந்தோரின் தொகை கூடினால், அதில் திரும்பி வந்தவர் யார், வேறு ஊரிலிருந்து புதிதாகக் குடியேறியவர் யார், ஓராண்டு கழித்தும் நிலைத்தவர் யார் என்பதை அத்தொகை தனியே பிரித்துக் காட்டுவதில்லை.

இதே முறையை மேகமலையின் அடிவாரத்திலுள்ள கம்பம் பள்ளத்தாக்கில் பொருத்திப் பார்த்தால் குறை இன்னும் தெளிவாகிறது. 1606இல் இராபர்ட் தெ நொபிலி தொடங்கிய மதுரை மிஷனின் வழிவந்த மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது இப்பகுதி. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களில் கோயில் மறந்துபோகக்கூடிய பொருளன்று. ஞாயிறு பூசைக்கு வராதவரும் திருவிழா வரியைக் கொடுக்கிறார், தேர்பவனிக்கு வருகிறார், கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். விலகல் இங்கே வேறு வழியில் நிகழ்கிறது. விடியுமுன் ஜீப்பில் ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளிக்கும், சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடைய வேண்டிய மேகமலைத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்துக்கும், பல கிளைப்பங்குகளைக் கவனிக்கும் குருவானவரைவிட, அதே தெருவில் வாடகை வீட்டில் கூட்டம் நடத்தி, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தலைமீது கைவைத்து மன்றாடும் பெந்தெகொஸ்தே பாஸ்டர் அருகில் இருக்கிறார். 'சபைக்குப் போய்விட்டார்கள்' என்று ஊரார் சொல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் இத்தகையவை.

விளம்பரம் அறவே தொட முடியாத, சில வேளைகளில் தீங்கும் செய்யக்கூடிய இடம் ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, சீக்கியரையும் பவுத்தரையும் பின்னர்ச் சேர்த்துக்கொண்டதே தவிர, தலித் கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஆகவே சாதிச் சான்றிதழில் இந்து என்றிருப்பவர் கோயிலுக்கு வருவதே அவருக்கு எதிரான சான்றாகலாம். புதுச்சேரி வழக்கு ஒன்றில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மனுதாரர் திருமுழுக்குப் பெற்றதையும் தேவாலயத்துக்குத் தொடர்ந்து சென்றதையும் சுட்டியே சான்றிதழை மறுத்தது. இந்நிலையில் பங்குப் பதிவேட்டில் 'வராதவர்' என்று குறிக்கப்படுபவர் விசுவாசத்தை இழந்தவர்தானா, பிள்ளையின் கல்லூரி இடத்தைக் காப்பவரா என்று எந்த விளம்பர நிறுவனமும் பிரித்தறிய முடியாது. இதனோடு உள்ளிருக்கும் காயமும் சேர்கிறது. சாதிப் பாகுபாடு திருச்சபைக்குள்ளும் நிலவுவதை இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. தனிக் கல்லறையும் தேர் வராத தெருவும் நினைவில் உள்ளவரிடம் 'வீட்டுக்கு வாருங்கள்' என்று அழைப்பதற்கு முன், அந்த வீட்டில் அவருக்கு எந்த அறை ஒதுக்கப்பட்டிருந்தது என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தமிழகத் திருச்சபையிடம் இதற்கு வேறொரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. அண்டைக் குடும்பங்கள் வீடுகளில் கூடி விவிலியம் வாசித்து, ஒருவர் துன்பத்தை மற்றவர் கேட்டறியும் சிறு குழுவான அன்பியம், பாஸ்டரின் அருகாமைக்கு ஈடாக நிற்கக்கூடிய ஒரே அமைப்பு எனலாம். அதற்கும் குறையுண்டு: தெருவாரியாக அன்பியங்களைப் பிரிக்கும் ஊரில், தெருக்களே சாதிவாரியாக அமைந்திருந்தால், பழைய பிரிவினை புதிய பெயரில் தொடர்கிறது.

மாதா தொலைக்காட்சியில் இத்தகைய விளம்பரம் வந்தாலும், அதைப் பார்ப்போரில் பெரும்பகுதியினர் அன்றாடத் திருப்பலியை அதே திரையில் காணும் முதியோராகவே இருப்பார்கள். ஊரைவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்று, விசுவாசத்தை விடாமல் பங்கை மட்டும் தொலைத்துவிட்ட இளைஞரிடத்தில்தான் விளம்பரத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. அவருக்கோ உருக்கமான படக்காட்சிகளைவிட, எந்தக் கோயிலில் எத்தனை மணிக்குத் தமிழில் பூசை என்ற ஒருவரிச் செய்தி கைபேசியில் கிடைத்தால் போதும்.