நான்கு மீட்டருக்குள் ஒரு கார்

சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது, செஸ்ஸும் போனது. நடுத்தரக் குடும்பத்துக்கு வந்த தீபாவளிப் பரிசு என்று இதைக் கொண்டாடுவோர், எது சிறிய கார் என்ற கேள்விக்குள் போவதில்லை. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள்: 2006 பட்ஜெட்டில் உற்பத்தி வரிச் சலுகைக்காக வகுத்த அளவு இன்றும் அதுதான்.

இந்தக் கார்களுக்கு நல்ல பெயர் சும்மா வரவில்லை. விலை கட்டுப்படியாகிறது, மைலேஜ் கிடைக்கிறது. தகர டப்பா என்ற கேலியும், 2024இல் புதிய டிசையர் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பிறகு எடுபடாது. விரிஞ்சிபுரத்துக்கும் வேலூருக்கும் ஓடுகிறவரை குறை எதுவும் கண்ணில் படாது.

குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும்போதுதான் படும். முதல் டிசையரின் நீளம் 4160 மி.மீ., டிக்கி 440 லிட்டர். 2012இல் வரிக்காக அதை 3995 மி.மீ.க்குக் குறுக்கியபோது டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. சி.என்.ஜி. வண்டியாக இருந்தால் மிச்ச இடத்தையும் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் இரண்டு தோள்பையைச் சாய்த்து வைக்கலாம். பெட்டி பின்சீட்டுக்காரர் காலடிக்கு வரும். பள்ளிகொண்டா தாண்டி டயர் பஞ்சரானால், ஸ்டெப்னியை எடுக்க மூட்டை முடிச்சையெல்லாம் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்க வேண்டும்.

நீளத்தை இப்படி வெட்டும் விதி அகலத்தைக் கண்டுகொள்வதே இல்லை. 3995 மி.மீ. நீளத்துக்குள் நிற்கும் நெக்ஸானின் அகலம் 1804 மி.மீ. ஜப்பானின் கெய் கார் விதி நீளத்தை 3.4 மீட்டரிலும் அகலத்தை 1.48 மீட்டரிலும் நிறுத்துகிறது. கார்த்திகைக் கடைஞாயிறன்று விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயில் பக்கம் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால், பக்கக் கண்ணாடியை மடக்கித்தான் ஒதுங்க வேண்டும். அங்கே இடிப்பது அகலம்.

சலுகை இல்லாவிட்டால் ஏழை எளியவர் கார் வாங்க முடியாது என்பது வழக்கமான வாதம். சலுகை யாருக்கு என்பதல்ல இங்கே வழக்கு. எதை அளந்து கொடுக்கிறார்கள் என்பதே. 1248 சி.சி. டீசல் எஞ்சினுடன் வந்த அந்தப் பழைய டிசையர் இன்று விற்பனைக்கு வந்தால், ஒரு சாண்கூட இல்லாத கூடுதல் நீளத்துக்காக 18க்குப் பதில் 40 விழுக்காடு கட்ட வேண்டும். எஞ்சின் வரம்புக்குள்தான் இருக்கிறது. எடையையும் எரிபொருள் செலவையும் இந்த வரி கேட்பதே இல்லை. பிரான்சு 2022 முதல் கனத்த கார்களுக்கு எடையைப் பார்த்துத் தனி வரி போடுகிறது. இங்கே எடை ஆர்.சி.யிலேயே இருக்கிறது, மைலேஜைச் சோதித்துச் சொல்ல ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது. இரண்டையும் விட்டு டேப்பைப் பிடித்துக்கொண்டிருக்க, அளப்பது எளிது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.