சத்திரக்காரனுக்குக் கொடுத்தவன் யார்?

ஸ்ரீரங்கம் கோயிலின் தன்வந்திரி சந்நிதியை வணங்கிச் செல்வோருள், அங்கே முன்னர் ஆரோக்கியசாலை ஒன்று இயங்கியதை அறிந்தோர் சிலரே. ஹொய்சளர் காலத்தில் நிறுவப்பெற்ற அதனைக் கருடவாகன பட்டர் புதுப்பித்த செய்தியை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. அத்தகைய சாலைகளைத் தாங்கியது அறக்கொடையே.

செல்வம் மிகுந்த அமெரிக்காவின் வழி வேறு. இன்சுலினைக் கண்டறிந்தோர் 1923இல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வீதம் பெற்றுக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்திற்கு அளித்தனர். அதன் வழிவந்த ஹியூமலாக் மருந்தோ, அமெரிக்காவில் 1996இல் குப்பி ஒன்றுக்கு ஏறத்தாழ 21 டாலராயிருந்து, 2019க்குள் 275 டாலரை எட்டிற்று. 2023இல் விலை குறைக்கப்பட்டது மெய்யே. அதற்குள் பணமின்றி மருந்தளவைத் தாமே குறைத்துக்கொண்டோர் பலர்.

லூக்கா 10ஆம் அதிகாரத்துச் சத்திரக்காரனும் பணம் பெற்றான். (நம் பிரசங்கங்கள் இதனைப் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன.) ஊதியம் பெறுதல் பாவமன்று. ஆனால் கொடுத்தவன் சமாரியன், குற்றுயிராய்க் கிடந்தவனல்லன். இலாபம் நாடும் மருத்துவம் காயப்பட்டவனிடமே கணக்குக் கேட்கிறது.

தூரதேசத்தைக் கடிந்துரைப்பது எளிது. திருச்சியில், தில்லைநகரின் தனியார் மருத்துவமனைகளில் கட்டணம் செலுத்த இயலாதவன் புத்தூர் அரசு மருத்துவமனையை நாடுகிறான். அங்கே அவனுக்காகச் செலுத்துவது பொதுமக்களின் வரிப்பணம். நம் திருச்சபை மருத்துவமனைகளில் முன்பணம் செலுத்த வழியற்றவனுக்காகச் சமாரியனின் இடத்தில் நிற்பவர் யார்? திருமண்டல வரவுசெலவுக் கணக்கில் அவனுக்கென ஒரு வரியேனும் உண்டா?